கடைசி செமஸ்டரும் வீட்டு பேக்கிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் படிப்பு முடிகிற சமயத்தில்தான் நிறையப் பேர் முதன்முதலாகக் கேக் டின்னைக் கையில் எடுக்கிறார்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று, வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி வரவில்லை, சும்மா உட்காரவும் பிடிக்கவில்லை. நான் திருச்சியில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இப்போது கரூரில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். பேக்கிங் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கம். தங்கையின் தோழிகள், கல்லூரி ஜூனியர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேக் கேள்வியும் சான்றிதழ் கேள்வியும் கலந்துதான் வரும், ஏனென்றால் அந்த மாதங்களில் கேட்பவர்களின் தலையிலும் அவை கலந்துதான் இருக்கின்றன.

வீட்டில் ஓவன் இல்லை. வாங்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அடிகனமான பழைய வாணலியோ, பெரிய இட்லிப் பானையோ இருந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் சின்ன ஸ்டாண்டு ஒன்றை வைத்து, மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். கேக் டின்னை உள்ளே இறக்கியதும் தீயைக் குறைத்துவிடுங்கள். ஆறு அங்குல டின் என்றால் 35 முதல் 45 நிமிடத்தில் வெந்துவிடும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. அப்புறம் ஒரு சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

மேல்பக்கம் ஓவனில் போலச் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். ருசியில் குறை இருக்காது. அந்த உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்தடுத்த கேக்குக்கு ஆகும், சமையலுக்கு ஆகாது.

குக்கரிலும் செய்யலாம், கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு. ஆனால் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் குக்கர் சீக்கிரம் பாழாகும். அம்மா தினமும் சாதம் வைக்கிற குக்கரை எடுக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம், வெறுமனே காய்ந்தால் அந்தப் பூச்சு கெட்டுப் புகை வரும்.

ஓவன் வாங்கினால் எது வாங்குவது? கரண்ட் பில் எகிறிவிடும் என்று அப்பா சொல்கிறார்.

பால் சூடு பண்ணுகிற சாதாரண மைக்ரோவேவில் கேக்கும் பிஸ்கட்டும் சரியாக வராது. கன்வெக்‌ஷன் வசதி உள்ள, அதாவது சூடான காற்றைச் சுழற்றும், மைக்ரோவேவ் சரிப்படும். பேக்கிங்குக்கு மட்டும் என்றால் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) போதும், விலையும் குறைவு. நாலு பேர் வீட்டுக்கு 20 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சரி. வாங்குவதற்கு முன் சமையலறையில் பெரிய பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்ஸி மாட்டும் சின்ன பாயின்ட்டில் இதை மாட்டக் கூடாது.

அப்பாவிடம் கணக்காகவே சொல்லுங்கள். 1,400 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 1.4 யூனிட். சூடு ஏறியதும் தானே அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட் சுற்றி ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அந்த எல்லைக்குள் இருக்கிற வீட்டில் பில்லில் தெரியவே தெரியாது. ஏ.சி. ஓடுகிற வீட்டில் பத்து யூனிட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் எதற்குப் பணம் செலவழிப்பது? கலவை அடிக்கும் பீட்டருக்கா, டின்னுக்கா?

டிஜிட்டல் தராசுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கப் மைதா என்று சொல்கிறார்கள். மாவைச் சலித்து லேசாக அள்ளிப் போட்டால் 120 கிராம் வரும், கப்பை மூட்டைக்குள் அழுத்தி எடுத்தால் 150 கிராம்கூட வரும். அந்த 30 கிராம்தான் கேக்கை வறட்டிவிடுகிறது. "அக்கா, அதே அளவுதான் போட்டேன், ஏன் கல்லு மாதிரி இருக்கு?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானவர்கள் கப்பில் அளந்தவர்கள்.

தராசு வந்துவிட்டால் இரண்டே கணக்கை மனதில் வையுங்கள். முதலாவது பிஸ்கட். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. அதாவது 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. பிசைந்து, தட்டி, வெட்டி, 165 டிகிரியில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். வெண்ணெய்க்குப் பதில் நெய் போட்டால் 80 கிராம் போதும். கடை வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் அது கிடையாது. ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை சேர்த்தால் நம்மூர் பேக்கரியில் கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் நெய் பிஸ்கட் தயார்.

இரண்டாவது வெண்ணெய் கேக். இரண்டு முட்டையை உடைத்து எடை பாருங்கள், நூறு கிராம் ஒட்டி வரும். அதே எடைக்கு மைதா, அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு வெண்ணெய். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் அரை டீஸ்பூன். 175 டிகிரியில் அரை மணி நேரம். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இருக்குமே டீ கேக், அதன் அடிப்படை இதுதான்.

இந்தக் கேக்கில் கவனம் முழுவதும் முதல் பத்து நிமிடத்தில் இருக்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் அடிக்கத் தொடங்கும்போது மஞ்சளாக, மணல் மணலாக இருக்கும், கரண்டி கனக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை வழித்து நடுவில் தள்ளி மறுபடி அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும், கரண்டியை இழுத்தால் தடம் மறையாமல் நிற்கும், கைக்கும் இலகுவாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்தலாம். சர்க்கரையின் கூர்மையான விளிம்புகள் வெண்ணெய்க்குள் காற்றை அடைத்து வைத்திருக்கின்றன, பேக்கிங் பவுடர் அந்தக் காற்றுக் குமிழிகளைப் பெரிதாக்கும் வேலையைத்தான் செய்கிறது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த முட்டை என்றால் கலவை திரிந்த மாதிரி ஆகும், முட்டையைப் பத்து நிமிடம் சாதாரணத் தண்ணீரில் போட்டு வைத்தால் சரியாகிவிடும்.

பீட்டர் இல்லாமலே இவ்வளவும் ஆகும். கையால் அடித்துப் பழகியவர்களுக்குக் கலவை எப்போது தயார் என்று கண் சொல்லும்.

செமஸ்டர் முடிவது ஏப்ரல், மே. வெண்ணெய் எடுத்து வைத்த பத்தாவது நிமிடம் எண்ணெயாக ஓடுகிறது. என்ன செய்வது?

கத்திரி வெயிலும் கடைசித் தேர்வும் ஒன்றாகத்தான் வரும், தப்பிக்க முடியாது. எங்கள் பக்கத்தில் கரூர் பரமத்தி பெயர் வெயில் செய்தியில் வராத மே மாதம் இல்லை. வெளிநாட்டு ரெசிபிகளில் "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பது 20 டிகிரி அறையை மனதில் வைத்து. நம் வீட்டுச் சமையலறையில் மதியம் 36 டிகிரி இருக்கும்.

விடியற்காலையில் செய்யுங்கள். ஐந்தரை மணிக்கு வெண்ணெயை எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்தால் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் பதமாக இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று கசியக் கூடாது. கசிந்துவிட்டால் பாத்திரத்தோடு ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அம்மா காபி போட வருவதற்குள் கேக் ஓவனுக்குள் போயிருக்கும், சமையலறையும் காலியாகிவிடும். இரண்டு பேர் ஒரே அடுப்படியில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் இதுவே வழி.

விடியலில் எழ முடியாதவர்கள் மே மாதம் முழுக்க எண்ணெய் சேர்க்கிற கேக்குகளோடு இருக்கலாம். க்ரீம் கேக் பக்கம் அந்த மாதம் போகாமல் இருப்பது நல்லது. கடையில் சின்ன டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் க்ரீமை எவ்வளவு அடித்தாலும் பூப்போட நிற்காது. அதற்கென்று விப்பிங் க்ரீம் தனியாக இருக்கிறது, அதுவும் வெயிலில் இளகும்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்க்கமாட்டோம். முட்டையில்லாத கேக் நன்றாக வருமா?

வரும். வீட்டில் எப்போதும் தயிர் இருப்பதால் எனக்குப் பிடித்தது தயிர் கேக்தான். 190 கிராம் மைதா, ஒரு கப் புளிக்காத கெட்டித் தயிர், 150 கிராம் சர்க்கரை, அரை கப் வாசனையில்லாத எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, எசென்ஸ். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்துப் பொங்கி வரும். எண்ணெய், எசென்ஸ், பிறகு சலித்த மாவு. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றா என்று கூடவே கேட்பார்கள். ஒன்றில்லை. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். தயிர், மோர், எலுமிச்சை, வினிகர் ஏதாவது இருந்தால்தான் அது வேலை செய்யும், இல்லாவிட்டால் சோப்பு மாதிரி ஒரு வாடை நிற்கும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்த்தே கலந்திருக்கிறது. இரண்டிலும் ஈரம் பட்டதுமே வாயு வர ஆரம்பிப்பதால், மாவு கலந்த பிறகு போன் பேசப் போகாதீர்கள். ஓவன் முன்கூட்டியே சூடாகி இருக்க வேண்டும். பழைய டப்பாவில் இருக்கும் பேக்கிங் பவுடர் நல்லதா என்று தெரிய, வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் பயன்படுத்தலாம்.

கேக் நடுவில் குழிந்துவிட்டது.

வேகும் முன் திறந்திருப்பீர்கள், அல்லது சோடா அதிகம். மேலே வெடித்தால் சூடு அதிகம். அடி கருகினால் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள். மூன்றிலும் கேக் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும், குழியில் ஜாம் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வைவா வாரத்தில் பேக்கிங் செய்யலாமா? படிப்பு கெட்டுவிடும் என்கிறார்கள்.

வைவாவுக்கு முந்தின நாள் புது ரெசிபி வேண்டாம், அவ்வளவுதான். மற்றபடி அந்த வாரத்தில் கையால் செய்கிற வேலை ஒன்று இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் கைடு திருத்தம் சொல்வார், திருத்தினால் இன்னொரு திருத்தம் சொல்வார், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பிஸ்கட் மாவு பிசைந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்து, தட்டில் இருக்கும், நாலு பேர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்த வாரத்தில் முடிந்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றாவது இருக்கும்.

பிஸ்கட் மாவை உருளையாக உருட்டிப் பட்டர் பேப்பரில் சுற்றி ஃபிரீசரில் போட்டுவிட்டால் ஒரு மாதம் கெடாது. வேண்டும்போது ஆறு ஏழு வில்லை வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம். ராத்திரி கண் விழிக்கிறவர்களுக்கு இதுவே போதும்.

ஃபேர்வெல்லுக்கு என்ன செய்து கொண்டு போகலாம்? பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டும்.

தேன் கேக். க்ரீம் கிடையாது, உருகுவதற்கு எதுவும் இல்லை, ஊற ஊறத்தான் ருசி. தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீயோடு தேன் கேக் சாப்பிடாதவர்கள் உங்கள் வகுப்பில் இருக்கமாட்டார்கள். ஆகவே இதைப் பார்த்ததும் முகம் மலராதவர்களும் இருக்கமாட்டார்கள்.

நான்கு முட்டையும் 120 கிராம் சர்க்கரையும் நன்றாக நுரைக்க அடித்து, 120 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சலித்துச் சேர்த்து, நுரை அமுங்காமல் புரட்டி, கடைசியில் 40 மில்லி எண்ணெய் விட்டு எட்டு அங்குலச் சதுர டின்னில் 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். நூறு கிராம் சர்க்கரையும் 150 மில்லி தண்ணீரும் கொதித்து இறங்கி, வெதுவெதுப்பானதும் மூன்று டேபிள்ஸ்பூன் தேன் கலக்கவும். கேக்கை முள்கரண்டியால் குத்தி, பாகைக் கரண்டி கரண்டியாக, ஓரத்தையும் விடாமல் ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடம் கூழாகிவிடும். மேலே மிக்சட் ஃப்ரூட் ஜாமைக் கொஞ்சம் வெந்நீரில் இளக்கித் தடவி, உலர் தேங்காய்த் துருவலைத் தூவுங்கள். வீட்டில் துருவிய பச்சைத் தேங்காய் போடாதீர்கள், வெயில் காலப் பஸ் பயணத்தில் கெட்டுவிடும். டின்னோடே கொண்டு போய் அங்கே வெட்டுவது நல்லது.

நண்பர்களுக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வையுங்கள். லேப் அசிஸ்டென்ட் அண்ணன், மெஸ்ஸில் தோசை ஊற்றிய அக்கா, ராத்திரி கேட் திறந்துவிட்ட வாட்ச்மேன் தாத்தா. பேராசிரியர்களுக்குப் பூங்கொத்தும் சால்வையும் கொடுக்க ஏற்பாடு இருக்கும். இவர்களுக்கு எந்த ஏற்பாடும் இருக்காது. கேக்கைப் பேர் சொல்லி நேரில் கொடுங்கள். எனக்கு இந்தப் பக்கத்தில் வேறெதையும்விட இந்த ஒரு பத்தி முக்கியம்.

ஹாஸ்டலைக் காலி செய்கிறேன். காகிதங்களில் எதை விடக் கூடாது?

நோ டியூ (பாக்கி எதுவும் இல்லை என்கிற) படிவத்தில் நூலகம், லேப், ஹாஸ்டல், விளையாட்டுத் துறை என்று எல்லாக் கையெழுத்தும் ஆன பிறகுதான் மாற்றுச் சான்றிதழ் கிடைக்கும். ஒருவர் விடுப்பில் போனால் அதற்காக மறுபடி ஊரிலிருந்து வர வேண்டியிருக்கும், ஆகவே கடைசி வாரத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். ஹாஸ்டலில் கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது இருந்தால் எடுத்துப் போங்கள், சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள்.

மதிப்பெண் சான்றிதழ்களில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே திருத்துவது சுலபம். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், அதுவரை வேலைக்கும் மேற்படிப்புக்கும் தற்காலிகச் சான்றிதழ் போதும். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து மெயிலில் ஒரு பிரதி வையுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் சான்றிதழ்களை ஏற்றுகின்றன. மறுமதிப்பீடு கேட்க வேண்டுமானால் ரிசல்ட் வந்ததுமே கடைசித் தேதியைப் பாருங்கள், அவகாசம் குறைவாகத்தான் இருக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பள்ளிக்கூடம் முடித்தபோது பதிந்திருப்பீர்கள். பட்டத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள், இணையத்திலேயே செய்யலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும்.

ஆஃபர் லெட்டர் இருக்கிறது, ஜாயினிங் தேதி வரவில்லை. சொந்தக்காரர்கள் "அடுத்து என்ன?" என்கிறார்கள். வீட்டில் பொழுதே போகவில்லை.

இந்த நாட்களுக்கு பன் மாவு பொருத்தமானது. கேக் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஈஸ்ட் மாவு காலை முழுவதற்கும் ஒரு ஒழுங்கு கொடுக்கும். பிசைய வேண்டும், பொங்க விட வேண்டும், அந்த இடைவெளியில் ஒரு பாடம் படிக்கலாம் அல்லது ஒரு விண்ணப்பம் போடலாம், திரும்பி வந்து உருட்ட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும்.

250 கிராம் மைதா, 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 20 கிராம் சர்க்கரை, 4 கிராம் உப்பு, 155 மில்லி வெதுவெதுப்பான பால். பத்து நிமிடம் பிசைந்த பிறகு 20 கிராம் வெண்ணெய் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். முதலில் கையெல்லாம் ஒட்டும், பயந்து மாவு தூவிக்கொண்டே இருக்காதீர்கள். பிசையப் பிசைய ஒட்டுவது நின்று, இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரியும். பால் விரலைச் சுடாத சூட்டில் இருக்க வேண்டும், கொதிக்கிற பாலில் ஈஸ்ட் செத்துவிடும். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரட்டிப்பாகிவிடும், ரெசிபியில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் மாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆறு உருண்டையாக்கி, மறுபடி அரை மணி நேரம் விட்டு, மேலே பால் தடவி 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வெந்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவுங்கள்.

சாயங்காலம் வருகிற பெரியம்மாவிடம் டீயோடு இந்த பன்னை நீட்டுங்கள். கேள்வி நிற்காது. ஆனால் பேச்சு கொஞ்ச நேரம் ஈஸ்ட் எங்கே கிடைக்கும் என்பதில் ஓடும், உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். "ஜாயினிங் தேதிக்குக் காத்திருக்கிறேன், அதுவரை இந்தத் தேர்வுக்குப் படிக்கிறேன்" என்று ஒரே பதிலை எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு பதில் சொன்னால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

சமையலறை அம்மாவுடையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பாத்திரம் கழுவி, மேடை துடைத்து, மாவு சிந்திய தரையைப் பெருக்கிவிட்டு வெளியே வாருங்கள். இதைச் செய்கிற பிள்ளைக்கு எந்த அம்மாவும் பேக்கிங் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் கெடுதல் என்கிறார்களே? அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வேறு.

கோதுமை மாவு போடலாம். மைதாவைவிட அதிகத் தண்ணீர் இழுக்கும் என்பதால் பால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். வாழைப்பழக் கேக்குக்குக் கோதுமை மாவே மைதாவைவிடப் பொருத்தம் என்பேன். தோல் கறுத்த பச்சைப்பழம் இரண்டு இருந்தால் சர்க்கரையையும் பாதியாகக் குறைக்கலாம். கேழ்வரகு மாவு மட்டும் போட்டால் பிஸ்கட் கையில் உதிரும், பிடித்து நிறுத்தும் பசைத்தன்மை அதில் இல்லை. பாதி கோதுமை சேர்த்து, கேழ்வரகை வாசம் வர வறுத்துப் போடுங்கள்.

அப்பா விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நாட்டுச் சர்க்கரை கேக் என்பதால் அவர் இரண்டு துண்டு சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு இனிப்பில்லாத சீரக பிஸ்கட் செய்து கொடுங்கள். முன்னால் சொன்ன கணக்கில் சர்க்கரையை விட்டு, அரை டீஸ்பூன் உப்பு, சீரகம், கோதுமை மாவு, இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தயிர். வெண்ணெய் இருப்பதால் இதுவும் அளவோடுதான், மருத்துவர் சொன்ன உணவுக் கணக்குக்குள்.

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். வேலை கிடைக்கும் வரை விற்கலாமா?

விற்கலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு. மாவு, வெண்ணெய், முட்டை விலையை மட்டும் கூட்டி அதற்கு மேல் கொஞ்சம் வைத்து விற்பவர்கள் இரண்டு மாதத்தில் களைத்துப் போகிறார்கள். கேஸ் அல்லது கரண்ட், அட்டைப் பெட்டி, அடிப்பலகை, டெலிவரி பெட்ரோல், சாமான் வாங்கக் கடைக்குப் போன நேரம், பாத்திரம் கழுவிய நேரம் எல்லாம் விலைக்குள் வர வேண்டும். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கூலி எழுதுங்கள். அதையும் சேர்த்த விலை பக்கத்துப் பேக்கரி விலையைவிட அதிகமாகத்தான் வரும். அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் தொடருங்கள். ஃபிரெண்டு ஆயிற்றே என்று பாதி விலைக்குக் கொடுப்பதைவிட, பிறந்தநாள் பரிசாகச் சும்மா கொடுப்பது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

வீட்டிலிருந்து விற்றாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சின்ன அளவில் செய்பவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு போதும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். முட்டை சேர்த்தது அசைவம் என்றே கணக்கு, பச்சைப் புள்ளி போடக் கூடாது, பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும். முட்டை சேர்க்காத கேக் கேட்பவர்களுக்குத் தனி டின், தனி பாத்திரம் வைத்துக்கொள்வது நேர்மை.

பணம் பாதியாவது முன்பே வாங்கிவிடுங்கள். தேர்வு எழுதுகிற வாரத்துக்கு ஆர்டர் எடுக்காதீர்கள்.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளட்டுமா? எங்கே முறையாகக் கற்கலாம்?

ஒரு மாதம் தொடர்ந்து தினமும் பேக்கரி நேரத்துக்கு எழுந்து வேலை செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெரிந்த பேக்கரியில் கேட்டால் உதவிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். மாவு மூட்டை தூக்குவதும் சூளை முன் நிற்பதும் அங்கேதான் தெரியும். கிராமப்புற இளைஞர்களுக்கு மாவட்டம்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பேக்கரிப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கும், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கட்டணத்துக்கு ஓரிரு நாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள். பல ஆயிரம் கேட்கிற தனியார் வகுப்புகளில் சேர்வதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்.

வேலைக்கு பெங்களூரு போகிறேன், பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கல். பேக்கிங் நின்றுவிடுமா?

கொஞ்ச நாளைக்கு நிற்கும், பரவாயில்லை. தராசையும் ஆறு அங்குல டின் ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள். ஓவனை வீட்டிலேயே விடுங்கள், பல பி.ஜி.களில் அறைக்குள் அதை அனுமதிக்கமாட்டார்கள். பிறகு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வீடு எடுத்தால் இண்டக்‌ஷன் அடுப்புதான் முதலில் வரும். அதில் அலுமினிய வாணலி சூடாகாது, தட்டையான அடியுள்ள இரும்பு வாணலியாகப் பார்த்து வாங்குங்கள். உப்புப் பரப்பிச் சுடும் முறை அதில் அப்படியே நடக்கும், குறைந்த சூட்டில் வைத்து நேரம் மட்டும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அங்கே வெயில் காலத்திலும் காலை நேரம் கரூர் மாதிரி தகிக்காது என்பதால் பன் மாவு பொங்க இன்னும் அரை மணி நேரம் சேர்த்து விட வேண்டியிருக்கும், ஈஸ்டை 4 கிராமாக்கிக்கொள்ளுங்கள்.